தலைப்பு வள்ளல்

திருச்சிராப்பள்ளியில் வெயிலுக்கு அடுத்தபடியாகப் பஞ்சமில்லாத பொருள் கல்லூரி. 1844ஆம் வருஷம் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இவ்வூருக்குக் குடிபெயர்ந்த செயின்ட் ஜோசப் கல்லூரி, 1919இல் பிறந்த நேஷனல், 1923இல் பிறந்த ஹோலி கிராஸ், 1951இல் பிறந்த ஜமால் முகமது, இவற்றுக்கெல்லாம் பின்னே பிறந்தும் குடும்பத் தலைமையை ஏற்றுக்கொள்ள 1982இல் வந்து சேர்ந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கல்லூரி இருக்கும் இடத்தில் ஆசிரியர் இருப்பார். ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆராய்ச்சி மாணவர் இருப்பார். ஆராய்ச்சி மாணவர் இருக்கும் இடத்தில், எழுதியே தீரவேண்டிய கட்டுரை ஒன்று எழுதப்படாமல் இருக்கும். இந்த மூன்றாவது உண்மையையே தம் வாழ்வின் ஆதாரமாகக் கொண்டு, அதற்காக ஒரு சல்லியும் பெறாமல், காவிரிக்கு அக்கரையில் ஒரு மனிதர் வாழ்கிறார். கல்லூரி உள்ள ஊர்தோறும் அவருக்கு ஓர் அவதாரம் உண்டு என்றாலும், ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்கு விசேஷ சாந்நித்தியம் உண்டென்பது என் துணிபு. ஆதலால் அவரையே இங்கே வர்ணிக்கிறேன்.

வடக்குச் சித்திரை வீதியில், திண்ணையை இடித்து ஸ்கூட்டருக்கு இடம் பண்ணாமல் இன்னும் மிஞ்சியிருக்கும் சில வீடுகளுள் ஒன்றில் அவரைக் காணலாம். ஒரு கல்லூரியின் சரித்திரத் துறையில் முப்பது வருஷம் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், மூக்கின் நுனியில் கண்ணாடி, மடியில் நீளவாட்டில் தைத்த ஒரு கணக்கு நோட்டு, பக்கத்தில் ஆறிப்போன காபி. அக்கம்பக்கத்தார் அவரைத் தலைப்பு மாமா என்பார்கள். சத்திரம் பஸ் நிலையத்தில் 1ஆம் நம்பர் பஸ் ஏறி ராஜகோபுரத்தருகே இறங்கும் இளைஞர்களில், கையில் பிளாஸ்டிக் உறைபோட்ட கோப்பும் முகத்தில் தூக்கமின்மையும் உடையவர்கள் பெருமாளைச் சேவிக்க வந்தவர்களாக இருப்பது அபூர்வம் என்று பூக்கடைக்காரிக்குக்கூடத் தெரியும். மேலே என்ன விசாரணையும் இல்லாமல், “மாமா வீடா? நேரா போய் லெஃப்ட்” என்று விடுவாள்.

மாமா கட்டுரை எழுதித் தருகிறவர் அல்லர்; அந்தப் பாவத்தை அவர்மேல் யாரும் சுமத்த முடியாது. தலைப்பு மாத்திரம் தருவார். ஆனால் தலைப்பு தருவதில் அவருக்கு உள்ள தாராளத்தைக் கர்ணனிடம்கூடக் காண முடியாது, ஏனென்றால் கர்ணன் தன்னிடம் உள்ளதைத்தான் கொடுத்தான். மாமாவோ உலகத்தில் எவரிடமும் இல்லாத ஆராய்ச்சிக்கெல்லாம் தலைப்புக் கொடுத்துவிடுவார்.

அந்த நோட்டின் அமைப்பு ரகசியமானது என்றாலும், ஒரு மத்தியான்னம் அவர் கண்ணயர்ந்தபோது எட்டிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. முதற்பக்கத்தின் இடப்புறத்தில் பன்னிரண்டு ஆழ்வார்களின் திருநாமங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. வலப்புறத்தில் மேலாண்மை, சூழலியல், பெண்ணியம், உளவியல், மானுடவியல், பின்நவீனத்துவம், நீர்மேலாண்மை, ஊடகவியல், பேரிடர்த் தணிப்பு என்று ஒன்பது துறைகள். இடப்புறத்துப் பெயரோடு ‘இல்’ என்னும் உருபைச் சேர்த்து வலப்புறத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் ஒரு கட்டுரை ஜனித்தாயிற்று: பெரியாழ்வார் பாசுரங்களில் பேரிடர்த் தணிப்பு, திருமழிசையாழ்வாரில் ஊடகவியல் கூறுகள். பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கினால் வருவது 108. திவ்ய தேசங்களும் 108தான் என்பதில் மாமாவுக்கு அளவிலாத பெருமிதம். அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்தச் சரீரத்தோடு சென்று சேவிக்கத் தக்கவை அல்ல என்பதுபோல, தம் பட்டியலிலும் இரண்டு தலைப்புகள் இந்தச் சரீரத்தோடு எழுதி முடிக்கத் தக்கவை அல்ல என்று அவரே ஒப்புக்கொள்ளுவார். எவை அந்த இரண்டு என்பதில் எனக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. என் கணக்கில் தொகை இன்னும் கொஞ்சம் கூடும்.

வணிகவியல், மேலாண்மை மாணவர்களுக்கு வேறு சூத்திரம். ‘ஓர் ஆய்வு’ என்று ஆரம்பித்து, ‘திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு’ என்று முடிக்கவேண்டும். நடுவில் வாடிக்கையாளர் திருப்தியோ, ஊழியர் மனநிலையோ, வந்தவர் கொண்டுவந்ததைச் செருகிக்கொள்ளலாம். இந்த வகைத் தலைப்புகள் தமிழ்நாடு முழுவதிலும் மாவட்டப் பெயர் ஒன்று மட்டும் மாறி வழங்குவதால், அறுபடை வீட்டு முருகன்போல ஒரே மூர்த்தி பல ஸ்தலங்களில் அருள்பாலிக்கும் அற்புதத்தை இங்கும் தரிசிக்கலாம்.

ஒருநாள் முசிறிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றி ஆராய்கிறவள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தின் நடுவே ஊர்ந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் அடங்கும் அந்த வாய்க்காலின் கரைநெடுகச் சைக்கிளில் போய், கடைமடைக் கிழவர்களிடம் உட்கார்ந்து பேசி, தண்ணீர் குறைந்த வருஷங்களில் அவர்கள் ராக்காவல் வைத்து முறைபோட்டு வயலுக்குப் பாய்ச்சிக்கொண்ட விதத்தை ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். யாருடைய மடை எத்தனை நாழிகை திறந்திருந்தது, யார் ஏமாற்றினார், ஏமாற்றியவருக்கு என்ன அபராதம் என்பதெல்லாம் அதில் இருந்தன. கட்டுரைக்குத் தலைப்பாக, ‘உய்யக்கொண்டான் கடைமடையில் முறைநீர் பங்கிட்ட விதம்’ என்று தானே எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

மாமா அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் வாசித்தார். துக்கம் விசாரிக்கிற குரலில், “கொழந்தே, இது தலைப்பா? இது தந்தின்னா!” என்றார்.

“ஐயா, உள்ள இருக்கறத அப்படியே எழுதினேன்.”

“அதாம்மா தப்பு. இதைப் படிச்சா உள்ளே என்ன இருக்குன்னு வாசல்லயே தெரிஞ்சுடறதே. அப்புறம் எவன் உள்ளே நுழைவான்?”

பென்சில் ஓடிற்று. அரைமணி நேரத்தில், ‘நீரும் நிலைபேறும்: மரபுசார் வளப்பகிர்வின் சமூக அசைவியக்கங்களை முன்வைத்துச் சில அவதானிப்புகள்’ என்னும் தலைப்புப் பிறந்தது. உய்யக்கொண்டான் போயிற்று, கடைமடை போயிற்று, ராக்காவல் இருந்த கிழவர்களும் போய்விட்டார்கள். அந்தப் பெண் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குத் தானே வழி தெரியாதவள்போல நின்றாள்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. “ஏன்னா, அந்தப் பொண்ணு என்னத்தைக் கண்டுபிடிச்சான்னு கேட்டேளா?”

“தலைப்புக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?” என்றார் மாமா.

இந்தக் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாமாவின் தொழிலுக்குப் பின்னே ஆழ்ந்த லௌகிக ஞானம் ஒன்று இருக்கிறது. நம் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி தொடங்கும்போதே தலைப்பைப் பதிந்துவிட வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் விண்ணப்பம், குழுவின் சம்மதம், அலைச்சல். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று தெரியாத நாளிலேயே அதற்குப் பெயரிட வேண்டுமானால், எதைக் கண்டுபிடித்தாலும் உள்ளே அடங்கும்படியான விசாலமான பெயரைத்தான் எவனும் இடுவான். அதோடு வாய்மொழித் தேர்வு என்று ஒன்றிருக்கிறது. ‘முறைநீர் பங்கிட்ட விதம்’ என்று சொன்னால், அந்த விதம் அப்படியில்லை என்று ஒருவர் எழுந்து சொல்லக்கூடும். ‘சில அவதானிப்புகள்’ என்று சொன்னால் பிரம்மாவாலும் மறுக்க முடியாது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வகுத்ததிலிருந்து, மறுக்க முடியாத கட்டுரைகளின் தேவை மேலும் பெருகிற்று. பயமுள்ள இடத்தில் புகைமூட்டம் நல்ல மறைப்பு. மாமா அந்தப் புகையை இலவசமாக விநியோகிக்கிறார். ஆனால் அது மறைப்பது ஆராய்ச்சியின் இன்மையை மட்டுமென்றால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அசலான ஆராய்ச்சி ஒன்று எப்போதாவது தப்பித்தவறி வந்தால், அதையும் சேர்த்தல்லவா மறைத்துவிடுகிறது!

ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய திருவானைக்காவலில்தான் 1888ஆம் வருஷம் நவம்பர் 7ஆம் தேதி சி. வி. ராமன் பிறந்தார். உலகமே பார்த்தறியாத ஓர் அதிசயத்தைக் கண்டு, அதைப் பற்றி 1928 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரைக்கு அவர் இட்ட பெயர் ‘ஒரு புதிய கதிர்வீச்சு’. அவ்வளவுதான். இங்கிலீஷில் எண்ணினாலும் மூன்றே சொற்கள். 1930இல் நோபல் பரிசு கிடைத்ததற்குத் தலைப்பு காரணமில்லை என்றாலும், அது குறுக்கே நிற்கவுமில்லை. இந்த ராமன் திருவானைக்காவலிலிருந்து வடக்குச் சித்திரை வீதிக்கு ஒரு நடை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மாமாவிடமே ஒருமுறை கேட்டேன். அவர் சிறிதும் தயங்காமல், “‘ஒளிச்சிதறல் நிகழ்வுகளில் மரபும் மறுவாசிப்பும்: ஒரு பன்முக நோக்கு’ன்னு போட்டுக் கொடுத்திருப்பேன். ‘புதிய’ங்கற வார்த்தை ஆபத்து சார், யாராவது பழசுன்னுட்டா?” என்றார்.

ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் குடும்ப வழக்கத்தைக் கைவிடவில்லை. 1931இல் அவர் வெளியிட்ட ‘இலட்சிய வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறை’ இரண்டே பக்கக் கட்டுரை. நட்சத்திரம் இந்த அளவுக்குமேல் கனத்தால் வெண்குறு மீனாக நிலைக்காது என்னும் செய்தியின் சாரத்தைத் தலைப்பே தோளில் சுமந்துகொண்டு நிற்கிறது. அதற்கும் முன்னே, 1915இல், கும்பகோணத்து ராமானுஜன் 60 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கட்டுரைக்கு ‘மிகுபகு எண்கள்’ என்ற அளவில் பெயர் வைத்தார். பக்கம் இரண்டானாலும் அறுபதானாலும் தலைப்பு ஒரு மூச்சுக்குள் அடங்கிவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். விஷயம் தெரிந்தவனுக்கு மூச்சு வாங்குவதில்லை.

மாமாவை இந்த உதாரணங்களால் வீழ்த்திவிடலாம் என்று எண்ணுகிறவர் அவரை அறியாதவர். உடனே உ. வே. சாமிநாதையரைத் துணைக்கு அழைப்பார். தம் ஆசிரியரைப் பற்றி ஐயரவர்கள் 1933, 1934ஆம் வருஷங்களில் இரு பாகங்களாக வெளியிட்ட நூலின் பெயர் ‘திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ என்று இருக்கிறதே, அது நீளமில்லையா என்பார். நீளந்தான். ஆனால் அதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு செய்தி குறைந்துபோகும்: ஊர், பட்டம், பெயர், மரியாதை, நூலின் வகை. மாமாவின் தலைப்பிலோ எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒன்றும் குறையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கொஞ்சம் வெளிச்சம்கூட வரும்.

கல்வெட்டறிஞர்களைக் குறித்தும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய ‘எபிகிராபியா இண்டிகா’ தொகுதிகளைப் புரட்டினால், ஊர் இன்னது, எழுதுவித்தவர் இன்னார், முக்காற்புள்ளி, சக வருஷம் இத்தனை என்று தலைப்புகள் நிற்கும். ஸ்ரீரங்கத்துக் கோயிலில் தன்வந்திரி சந்நிதியைச் சார்ந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்த கருடவாகன பட்டரின் கல்வெட்டும் இம்முறையிலேயே சக வருஷம் 1415, அதாவது கி.பி. 1493 என்ற முத்திரையோடு அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. முக்காற்புள்ளிக்கு இருபுறமும் ஏதோ இருக்கும்போது அந்தப் புள்ளிமேல் எனக்கு யாதொரு விரோதமும் கிடையாது.

மாமாவுக்கோ அந்தப் புள்ளிதான் உபாசனா மூர்த்தி. 1981இல் டில்லன் என்ற அமெரிக்கர், தலைப்பில் முக்காற்புள்ளி தோன்றுவதே புலமைக்கு ஓர் அடையாளம் என்று உளவியலாளர்களின் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அதை யாரோ மாமாவிடம் சொல்லப்போக, அன்று முதல் அவர் கண்ணுக்கு முக்காற்புள்ளி இல்லாத தலைப்பு திருமண் இல்லாத நெற்றியாகத் தோன்றுகிறது. 1996இல் ஆலன் சோக்கல் என்னும் பௌதிகர், வேண்டுமென்றே பிதற்றலாக ஒரு கட்டுரை எழுதி, ‘எல்லைகளை மீறுதல்: குவாண்டம் ஈர்ப்பின் மாற்றமூட்டும் பொருள்விளக்கவியலை நோக்கி’ என்று கம்பீரமாகத் தலைப்பிட்டு அனுப்ப, ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்னும் ஏடு அதை மெய்யென்று நம்பி அச்சிட்ட கதையையும் நான் சொன்னேன். கேட்டுவிட்டு மாமா கண்ணை மூடிக்கொண்டு, “என்ன அருமையான தலைப்பு!” என்று உருகினார். 2015இல் இங்கிலாந்தில் மூவர் 1,40,000 கட்டுரைகளை அளந்து பார்த்து, சுருக்கமான தலைப்புள்ள கட்டுரைகளை வெளியிடும் ஏடுகளே கட்டுரைக்குக் கட்டுரை அதிக மேற்கோள் பெறுகின்றன என்று கண்டார்கள் என்றேன். “அது குளிர் தேசம் சார். வாயை ரொம்ப நாழி திறந்து வெச்சுக்க முடியாது” என்று பதில் வந்தது.

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தேன். நம் ஊர்ச் சுருட்டு ஒருகாலத்தில் லண்டன் வரைக்கும் புகைந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் கற்பனைத் துப்பறிவாளர், 1887இல் வெளியான தம் முதற்கதையிலேயே, தரையில் உதிர்ந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அவர் ஆராய்ச்சியாளரும்கூட. 140 வகைப் புகையிலைகளை ஆராய்ந்து, வர்ணப் படங்களோடு அவர் எழுதியதாகக் கோனன் டாயில் சொல்லும் நூலின் பெயர், பலவகைப் புகையிலைகளின் சாம்பல்களுக்கு இடையே உள்ள வேற்றுமை குறித்து என்பது. இல்லாத மனிதன் எழுதாத நூலுக்கு இட்ட தலைப்பு இவ்வளவு தெளிவாக இருக்க, இருக்கிற மனிதர்கள் எழுதிய கட்டுரைக்கு ஏன் இருக்கக்கூடாது? இதைக் கேட்டு மாமா முதன்முறையாக மௌனமானார். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். “சாம்பல்… வேற்றுமை…” என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டைப் பிரித்து, வலப்புறப் பட்டியலில் பத்தாவதாக ‘சாம்பலியல்’ என்று எழுதிக்கொண்டார். 108 என்ற எண்ணிக்கையின் புனிதம் அன்றோடு கெட்டது.

மாமி இவற்றையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் சமையலறையில் ஜாடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது: ‘மாவடு. போன பங்குனி. காரம் கம்மி.’ கல்வெட்டு இலாகாவினர் அந்த அலமாரியைப் பார்த்தால் மாமிக்கு உடனே உத்தியோகம் கொடுப்பார்கள்.

உய்யக்கொண்டான் பெண்ணின் கட்டுரை, மாமா அருளிய தலைப்போடு ஓர் ஏட்டுக்குப் போய், இது எதைப் பற்றியது என்று ஒரு வரியில் தெரிவிக்கவும் என்ற குறிப்போடு திரும்பிவந்தது. அவள் மறுபடி ஸ்ரீரங்கத்துக்கு வரவில்லை. ஆய்வேட்டைப் பைண்டு செய்யத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பாய் கடைக்குப் போனாளாம். தங்க எழுத்துப் பொறிக்கிற பாய், அட்டையின் முதுகை விரலால் அளந்து பார்த்துவிட்டு, “இவ்வளவும் முதுகுல ஏறாதும்மா. சுருக்கமா, உள்ளே என்ன இருக்கோ அதச் சொல்லு” என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னாள், அவர் எழுத்துகளைக் கோத்தார். நகரத்தின் அத்தனை துறைகளும் சேர்ந்து கேட்காத கேள்வியை, ஒன்றரை அங்குல அட்டைக்காக ஒரு பைண்டர் கேட்டுவிட்டார்.

இந்தப் பாயின் கீர்த்தி எப்படியோ வடக்குச் சித்திரை வீதிக்கும் எட்டிற்று. மாமாவுடைய நோட்டின் தையல் விட்டுப்போய், ஆழ்வார்கள் ஒருபக்கமும் துறைகள் ஒருபக்கமுமாகப் பிரிந்துகொண்டிருந்த சமயம் அது. மாமா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு 1ஆம் நம்பர் பஸ் ஏறிப் போனார். நல்ல காலிகோ, கெட்டி அட்டை, பூத்தையல் எல்லாவற்றையும் பேசி முடித்தபின், “அட்டையில என்ன பேரு போடணும் மாமா?” என்று பாய் கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார், மூடினார். நோட்டைப் புரட்டினார். ‘தலைப்பியல்: ஓர் அறிமுகம்’ என்றார், வேண்டாம் என்றார். ‘பெயரிடலின் அரசியல்’ என்றார். அது யாருக்கோ கொடுத்துவிட்டது என்று ஞாபகம் வந்தது. பின்னால் நாலு பேர் ஆய்வேட்டோடு காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, முன்பணத்தையும் கொடுக்காமல், வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டொரு தீபாவளி கழிந்துவிட்டது. சென்ற மாதம் வேறு காரியமாக நான் அந்தக் கடைக்குப் போனபோது, மேல்தட்டில் சணலால் கட்டிய அந்த நோட்டு கிடந்தது. காணாமற்போகாதிருக்கும் பொருட்டு அதன்மேல் பாய் ஒரு சீட்டு ஒட்டி, நீல மையில் எழுதியிருந்தார்: ‘ஸ்ரீரங்கம் மாமா. பழைய நோட்டு. பாக்கி 150.’